சத்துவாச்சாரி மாடி ஆபீஸ்: மூணு வருஷம் உக்காந்து வேல பாத்த இடத்த பத்தி

அடுத்த மாசம் ஒண்ணாந் தேதில இருந்து வாரத்துல அஞ்சு நாளும் சென்னை ஆபீசுக்கு வந்தே ஆகணும்னு எங்க கம்பெனில மெயில் போட்டுட்டாங்க, அதனால வேலூர் சத்துவாச்சாரில ஒரு வீட்டு மாடில, மாசக் காசு குடுத்து சீட்டு எடுத்து நான் மூணு வருஷத்துக்கு மேல உக்காந்து வேல பாத்த இடத்த காலி பண்ணிட்டு போறேன். போறதுக்கு முன்னாடி இந்த இடத்த பத்தி நாலு பேருக்கு தெரியுற மாதிரி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுகிட்டு இருந்தேன், இப்ப எழுதலன்னா அப்பறம் எழுதவே மாட்டேன்.

பேரு கேக்காதீங்க, இந்த இடத்துக்கு பேரே கெடையாது, போர்டும் கெடையாது. ஃபேஸ் டூல பச்ச கேட் போட்ட ஒரு வீடு, கேட்டுக்கு பக்கத்துல புங்க மரம், மரத்தடில அயர்ன் வண்டி நிக்கும், அந்த வண்டிக்காரர்ட்ட "லேப்டாப் மாடி எங்கண்ணா"ன்னு கேட்டா கைய மேல காட்டுவாரு. ஓனர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், நாங்க எல்லாரும் சார்னு தான் கூப்பிடுவோம், அவங்க வீட்டம்மாவ அம்மான்னு கூப்பிடுவோம். பேர போட வேணாம்மா, தேடிகினு வர்றவங்க வரட்டும்னு சார் சொல்லிட்டாரு.

2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்போ அவங்க பையன் பெங்களூர்ல இருந்து வந்து மாடில வேல பாத்திருக்காரு, அவரு தான் ஃபைபர் லைன் இழுத்து, இன்வெர்ட்டர் போட்டு, கிரில் அடிச்சு எல்லாம் செட் பண்ணது. அப்பறம் அவரு ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு வந்து சேந்தாங்க. 2022ல பையன் வெளிநாடு போயிட்டாரு, மேசையும் நாற்காலியும் அப்படியே கெடக்குது, எதுக்கு சும்மா கெடக்கணும்னு சார் மத்தவங்களுக்கு விட ஆரம்பிச்சாரு. நான் சேந்தது 2022 ஜூன்ல. மொத்தம் ஒம்போது சீட்டு தான், மாசத்துக்கு 2,500 ரூபா, ஒரு நாளைக்கு மட்டும்னா 150. சேந்தப்போ கொடுத்த அதே ரேட்டு தான் இன்னிக்கு வரைக்கும், ஏத்தவே இல்ல.

எங்க வீடு காந்தி நகர். அங்க இருந்து ஸ்கூட்டில பாலாத்து பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள்ல சிக்கி வெளிய வந்து சத்துவாச்சாரி போய் சேர இருவது இருவத்தஞ்சு நிமிஷம் ஆவும். வீட்டுலயே உக்காந்து வேல பாக்கலாமேன்னு நீங்க கேக்கலாம், பாத்தேன், ரெண்டு வருஷம் பாத்தேன், ரெண்டு ரூம் வீட்டுல இடுப்பு ஆபரேஷன் ஆன மாமியாரு, சின்ன பொண்ணு, மதியம் குக்கர் சத்தம், இதுக்கு நடுவுல அமெரிக்கா க்ளையண்ட் கால். வீடும் வேலையும் ரெண்டும் கெட்டுப் போற மாதிரி இருந்துச்சு. அதனால வேலைக்குன்னு வீட்டுக்கு வெளிய ஒரு இடம் வேணும்ங்கறத நான் ஒத்துக்கறேன், முழுசா ஒத்துக்கறேன், ஆனா அந்த இடம் 140 கிலோமீட்டருக்கு அந்தாண்ட தான் இருக்கணுமான்னு தான் என் கேள்வி.

சரி, ரிவ்யூவுக்கு வர்றேன். மொதல்ல நெட். ரெண்டு வேற வேற கம்பெனி ஃபைபர் இருக்கு, ஒண்ணு முன் ரோட்டு கம்பத்துல வருது, இன்னொண்ணு பின் தெருவுல இருந்து மொட்டமாடி வழியா வருது, அதனால ரோடு தோண்டி ஒரு லைன் அறுந்தாலும் இன்னொண்ணு நிக்கும். ரௌட்டர்ல ரெண்டும் சொருகி இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அப்படி மாறும்போது ஐ.பி. அட்ரஸ் மாறிடும், உங்க கம்பெனி சிஸ்டத்துக்குள்ள பாதுகாப்பா போற வி.பி.என். கனெக்ஷன் அறுந்து திரும்ப கனெக்ட் ஆக ஒரு அர நிமிஷம் ஆவும், வி.பி.என். உள்ள எதாவது பெரிய பைல் காப்பி ஓடிகிட்டு இருந்தா அது போச்சு, மொதல்ல இருந்து போடணும். மூணு வருஷத்துல எனக்கு அப்படி ஆனது நாலோ அஞ்சோ தடவ. இந்த மாதிரி இடம் தேடுறவங்க எல்லாம் 200 எம்.பி.பி.எஸ். இருக்கா 300 இருக்கான்னு தான் கேக்குறாங்க, வீடியோ காலுக்கு மூணு நாலு எம்.பி.பி.எஸ். இருந்தா போதும்ங்க, நீங்க கேக்க வேண்டியது அப்லோடு எவ்வளவு, பிங் (நாம அனுப்புனதுக்கு பதில் திரும்பி வர்ற நேரம்) எவ்வளவு, லைன் ரெண்டு இருக்கா, கரண்ட் போனா ரௌட்டர் எவ்வளவு நேரம் நிக்கும், இது நாலும் தான்.

கரண்ட் விஷயத்துல சார் ரொம்ப கறாரு. நாலு டியூபுலர் பேட்டரி, மாசத்துக்கு ஒருக்கா அவரே ஏணி போட்டு ஏறி டிஸ்டில்டு வாட்டர் ஊத்துவாரு, எந்த தேதி ஊத்துனோம்னு சாக்பீஸ்ல சுவத்துலயே எழுதி வெப்பாரு, அந்த தேதி எல்லாம் அழிக்காம வரிசையா பேட்டரிக்கு மேல இருக்கும். பராமரிப்பு பணின்னு மாசத்துல ஒரு நாள் காலைல ஒம்பது மணிக்கு கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அன்னிக்கு லேப்டாப், ஃபேன், ரௌட்டர் மட்டும் ஓடுனா நாலற மணி நேரம் நிக்கும், அதுக்கு மேல போனா சார் கீழ வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு ஒயர் தூக்கி போட்டுட்டு அவங்க ரெண்டு பேரும் விசிறிய வச்சுகினு உக்காந்திருப்பாங்க. வேணாம் சார்னு சொன்னா கேக்க மாட்டாரு. "நீங்க இன்னா வெளாடவா வந்துகீறீங்க, வேல பாக்க வந்துகீறீங்க"ன்னு சொல்லிட்டு போயிடுவாரு.

கால் பேசுறதுக்கு தனியா ஒரு இடம் இருக்கு. பழைய மர பீரோ ஒண்ணு, ஆள் உள்ள உக்கார்ற அளவுக்கு பெருசு, அதுல தட்டு எல்லாம் எடுத்துட்டு உள் பக்கம் முழுக்க பழைய மெத்தைய கிழிச்சு எடுத்த ஸ்பாஞ்சு ஒட்டி, மேல ஒரு சின்ன ஃபேனும் எல்.இ.டி. பல்பும் வச்சிருக்காங்க. பாக்க அழகா இருக்காது, ஆனா உள்ள உக்காந்து கதவ சாத்துனா வெளிய அயர்ன் வண்டி சத்தம் கூட கேக்காது. க்ளையண்ட் டேட்டா பத்தி பேசுற கால் எதுவா இருந்தாலும் நான் அதுக்குள்ள தான் போய் பேசுவேன், ஸ்க்ரீனுக்கும் பக்கத்துல இருக்குறவங்களுக்கு தெரியாத மாதிரி பிரைவசி ஃபில்டர் சொந்த காசுல வாங்கி ஒட்டி வச்சிருக்கேன். இத ஏன் சொல்றேன்னா, வெளி இடத்துல பாதுகாப்பு இல்லன்னு தான் எங்க கம்பெனி மெயில்ல மூணாவது காரணமா எழுதி இருந்தாங்க.

வேலூர் வெயில் பத்தி ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியது இல்ல. மே மாசம் கத்திரில 42, 43 டிகிரி போவும், மொட்டமாடிக்கு கீழ இருக்குற ரூம்னா அடுப்பு தான். சார் மேல தென்னங்கீத்து போட்டு கூலிங் பெயின்ட் அடிச்சிருக்காரு, ஏ.சி. ஒண்ணு இருக்கு, காலைல பதினொன்றல இருந்து நாலு மணி வரைக்கும் தான் போடுவாங்க. அது பத்தாது, உண்மைய சொல்லணும்ல, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் மதியத்துல மேற்கு பக்கம் இருக்குற மூணு சீட்லயும் உக்கார முடியாது, எல்லாரும் லேப்டாப்ப தூக்கிகிட்டு உள் பக்கம் நெருங்கி உக்காருவோம்.

அப்படி நெருங்கி உக்காந்ததுல தான் குடியாத்தம் தம்பி பழக்கம் ஆனான். காலேஜ் முடிச்சு மொத வேல, டெஸ்டிங்ல எடுத்திருந்தாங்க, கம்பெனி ஹைதராபாத்து, இவன் பஸ்ல குடியாத்தத்துல இருந்து தெனம் வருவான். மொத மாசம் அவனுக்கு எரர் லாக், அதாவது ப்ரோக்ராம் எங்க தப்பாச்சுன்னு வரிசையா எழுதி வர்றது, அத எப்படி படிக்கறதுன்னே தெரியல, யார கேக்கறதுன்னும் தெரியல, சாட்ல கேட்டா சீனியர் நாலு மணி நேரம் கழிச்சு பதில் போடுவாராம். ஒரு நாள் மதியம் முகத்த பாத்துட்டு இன்னாடா தம்பின்னு கேட்டேன், திருப்பி காமிச்சான், கீழ இருந்து மேல படிடான்னு சொன்னேன், கடைசி லைன்ல இருந்து மேல போனா மொதல்ல எங்க ஒடஞ்சுதோ அங்க வந்து நிக்கும்னு சொல்லி ஒரு மணி நேரம் கூட உக்காந்தேன். அவன் வேற கம்பெனி, நான் வேற கம்பெனி, அவன் கம்பெனி விஷயம் எதையும் நான் பாக்கல, எல்லாருக்கும் பொதுவான விஷயம் தான். இன்னிக்கு அவன் இன்னொரு பொண்ணுக்கு சொல்லி குடுக்குறான்.

புதுசா வர்றவங்களுக்கு பக்கத்துல ஒருத்தர் வேணும்ங்கறது சத்தியமான விஷயம். 2013ல நான் வேலைக்கு சேந்தப்போ எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க, அவங்க கீபோர்ட தட்டுறத பாத்தே பாதி வேல கத்துகிட்டேன். ஆபீஸ் வேணும்னு சொல்றவங்க இத சொல்லும்போது நான் எதிர்த்து பேச மாட்டேன். ஆனா சொல்லி குடுத்தது அந்த அக்கா, கட்டடம் இல்ல. அந்த அக்கா இப்ப எந்த ஃப்ளோர்லயும் இல்ல, இன்னொரு ஊர்ல இருந்து என் கூட வீடியோ கால்ல தான் பேசுறாங்க.

இந்த இடத்தோட மதிப்பு எனக்கு முழுசா புரிஞ்சது 2023 டிசம்பர்ல. மிக்ஜாம் புயல் வந்துச்சே, டிசம்பர் 4, திங்கக்கிழம. சென்னைல ஆபீஸ் இருக்குற ரோடே தண்ணில, எங்க டீம்ல சென்னைல இருக்குற ரெண்டு பேருக்கும் கரண்ட் இல்ல, டவர் இல்ல, ஃபோன் போவல, அவங்க உயிரோட பத்திரமா இருக்காங்களான்னே சாயங்காலம் வரைக்கும் தெரியல. நாங்க சப்போர்ட் பண்றது ஒரு இன்சூரன்ஸ் க்ளையண்டுக்கு, மாசத்து மொத வாரம் ப்ரீமியம் பேட்ச் (கட்டுன பணத்த எல்லாம் மொத்தமா கணக்குல ஏத்துற ப்ரோக்ராம்) ஓடும், அது ராத்திரி ஓடி முடியலன்னா மறுநாள் காலைல அங்க பணம் கட்டுனவங்களுக்கு கட்டலன்னு லெட்டர் போயிடும். வேலூர்லயும் மழ தான், ஆனா கரண்ட் இருந்துச்சு. நான் அந்த மாடில காலைல ஒம்பதுல இருந்து ராத்திரி ஒண்ணற மணி வரைக்கும் உக்காந்து மூணு பேர் வேலைய தனியா பாத்தேன், பேட்ச் ரெண்டு தடவ நின்னுச்சு, ரெண்டு தடவயும் எடுத்து விட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அம்மா முள்ளு கத்திரிக்கா கொழம்பும் சோறும் தட்டுல போட்டு மேல எடுத்துகிட்டு வந்தாங்க, நம்ம இலவம்பாடி கத்திரிக்கா தான், அந்த வருஷம் தான் புவிசார் குறியீடு குடுத்தாங்க அதுக்கு. சாரு கீழ வராண்டால உக்காந்து நான் முடிக்கற வரைக்கும் தூங்கல, அப்பறம் என் வீட்டுக்காரர் வந்து கூட்டிகிட்டு போனாரு. அந்த வாரம் பெரிய மேனேஜர் எல்லாருக்கும் மெயில் போட்டு என் பேர எழுதி பாராட்டி இருந்தாரு. அதே மேனேஜர் கையெழுத்துல தான் இப்ப வா ஆபீசுக்குன்னு மெயில் வந்திருக்கு. அவர தப்பு சொல்லல, அவருக்கும் மேல இருந்து வந்திருக்கும். ஆனா ரெண்டு மெயிலும் என் இன்பாக்ஸ்ல இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா நெஞ்சு அடைக்குது.

ஒரேடியா அஞ்சு நாள்னு சொல்லல அவங்க, படிப்படியா தான் வந்தாங்க. மொதல்ல மாசத்துக்கு ரெண்டு நாள்னாங்க, அது எனக்கு புடிச்சே இருந்துச்சு, எல்லாரும் ஒரே நாள்ல வருவோம், பேசுவோம், சாப்பிடுவோம். அப்பறம் வாரத்துக்கு மூணு நாள். அந்த மூணு நாள் கணக்குல நாலு மாசம் ஓட்டுனேன், அப்ப ஆபீஸ்ல ஒரு நாள் எப்படி போச்சுன்னு சொல்றேன். காட்பாடில காலைல ஆறு மணிக்கு மேல ஜோலார்பேட்டைல இருந்து வர்ற ஏலகிரி எக்ஸ்பிரஸ், அதுக்கு நாலரைக்கு எந்திரிக்கணும், சீசன் டிக்கெட்காரங்க கூட்டத்துல நின்னுகிட்டே அரக்கோணம் வரைக்கும், அதுக்கப்பறமும் பல நாள் நின்னுகிட்டே தான். சென்ட்ரல்ல எறங்கி ஓ.எம்.ஆர். போகணும், அங்க மெட்ரோ வேலைக்கு ரோட்ட தோண்டி வச்சிருக்காங்க, ஒன்றர மணி நேரம். ஆபீஸ்ல நுழையும்போது மணி பத்தர, கார்ட தேச்ச நேரத்துல இருந்து தான் ஒம்பது மணி நேரம் கணக்கு ஆரம்பிக்கும். சீட்டு நம்மளுது இல்ல, ஆப்ல முந்துன நாளே புக் பண்ணணும், எனக்கு கெடச்சது ஆறாவது ஃப்ளோர்ல மானிட்டர் இல்லாத சீட்டு, ஒரு பக்கம் வேற ப்ராஜெக்ட், இன்னொரு பக்கம் பேன்ட்ரி கதவு.

எங்க டீம்ல பதினோரு பேரு. நாலு பேரு புனே, மூணு பேரு ஹைதராபாத், ஒருத்தர் கொச்சி, சென்னைல என்ன சேத்து மூணு பேரு. மத்த ரெண்டு பேருக்கும் வேற ஷிஃப்ட், நான் இருக்குற நேரத்துல அவங்க இருக்க மாட்டாங்க. ஆக நாலு மணி நேரம் வண்டில வந்து, ஹெட்செட்ட மாட்டிகிட்டு, சத்துவாச்சாரில இருந்து யார் கூட பேசுவேனோ அவங்க கூடவே, அதே ஸ்க்ரீன்ல, ஆனா பேன்ட்ரி சத்தத்துக்கு நடுவுல பேசுனேன். ஒரு நாள் க்ளையண்டே கேட்டாங்க, இன்னிக்கு எங்க இருக்கீங்க, பின்னாடி ரொம்ப சத்தமா இருக்கேன்னு. ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லும்போது என் குரலே கம்மிப் போச்சு.

சாயங்கால ரயில புடிக்க முடியாது, ஒம்பது மணி நேரம் முடியவே ஏழரை ஆயிடும், அதனால வாரத்துல ரெண்டு ராத்திரி பி.ஜி. விடுதில தங்கல். என் பொண்ணு மூணாங் கிளாஸ். அந்த ரெண்டு ராத்திரியும் வீடியோ கால்ல வாய்ப்பாடு ஒப்பிப்பா, எட்டாம் வாய்ப்பாடு வரும்போது தூங்கிடுவா, ஃபோன் மேல் பக்கமா பாத்துகிட்டு கெடக்கும், நான் எங்க வீட்டு ஃபேன் சுத்துறத பாத்துகிட்டே இருப்பேன். இனிமே அது வாரத்துக்கு நாலு ராத்திரி.

இது எங்க ஒரு கம்பெனி கத மட்டும் இல்லன்னு எனக்கும் தெரியும். மதிய சாப்பாட்டு நேரத்துல மாடில இந்த பேச்சு தான் ஓடும். டி.சி.எஸ். 2020ல என்ன சொன்னாங்க, 2025க்குள்ள நூத்துக்கு 25 பேர் ஆபீசுக்கு வந்தா போதும்னு அவங்களே சொன்னாங்க, 2023 அக்டோபர்ல அஞ்சு நாளும் வாங்கன்னுட்டாங்க. அமேசான் 2024 செப்டம்பர்ல சொல்லி 2025 ஜனவரில இருந்து அஞ்சு நாள் ஆக்கிட்டாங்க. அவ்வளவு ஏன், எல்லாரும் வீட்டுல இருந்து பேசுறதுக்கு ஜூம் தான யூஸ் பண்ணோம், அந்த ஜூம் கம்பெனியே 2023 ஆகஸ்ட்ல ஆபீசுக்கு 50 மைலுக்குள்ள இருக்குறவங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வரணும்னு சொன்னாங்க. ஆனா அவங்க கூட 50 மைல்னு ஒரு எல்ல வச்சாங்க பாருங்க, 50 மைல்னா 80 கிலோமீட்டர், வேலூர்ல இருக்குறவங்க அதுல வர மாட்டாங்க.

மூணு நாள் உத்தரவு வந்தப்போவே நான் சும்மா பொலம்பல, தேடி படிச்சேன். ஸ்டான்ஃபோர்டுல நிக்கோலஸ் ப்ளூம்னு ஒரு பொருளாதார பேராசிரியர், அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து சைனால ட்ரிப்.காம் கம்பெனில 1,612 பேர வச்சு ஒரு சோதன பண்ணாங்க, 2024 ஜூன்ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல வந்துச்சு. பாதி பேரு அஞ்சு நாளும் ஆபீஸ், பாதி பேருக்கு ரெண்டு நாள் வீடு. ரேட்டிங்ல, ப்ரொமோஷன்ல ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்ல, ஆனா ரெண்டு நாள் வீட்டுல இருந்தவங்க வேலைய விட்டு போறது மூணுல ஒரு பங்கு கொறஞ்சுது, அதுலயும் பொம்பளைங்க, மேனேஜர் அல்லாதவங்க, தூரத்துல இருந்து வர்றவங்க, இவங்ககிட்ட தான் அது நல்லா தெரிஞ்சுது. நான் அந்த மூணும் தான். இது முழுக்க வெளிய இருந்து வேல பாக்குறத பத்தின ஆராய்ச்சி இல்ல, வாரத்துக்கு ரெண்டு நாள பத்தினது, அதையும் நான் மறைக்கல, அஞ்சு நாள் உத்தரவு வந்ததும் அத அப்படியே எழுதி, எனக்கு வாரத்துக்கு ரெண்டு நாளாவது வேலூர்ல இருக்க விடுங்கன்னு எச்.ஆருக்கு மெயில் போட்டேன். மூணு வருஷத்துல நான் முடிச்சு குடுத்த சப்போர்ட் டிக்கெட் (க்ளையண்ட் சொல்ற பிரச்சன) கணக்கு, எத்தன நாள் லீவு, எத்தன தடவ நெட் போச்சு, மிக்ஜாம் அன்னிக்கு என்ன ஆச்சு, எல்லாம் வச்சேன். பதினெட்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ரெண்டு வரி, கொள்கை எல்லாருக்கும் ஒண்ணு தான், உங்க ஒத்துழைப்புக்கு நன்றின்னு. ஒரு எண்ண கூட அவங்க மறுக்கல. மறுத்திருந்தா பேசி இருப்பேன். படிக்கவே இல்லன்னு தான் நெனைக்கிறேன், அது தான் எனக்கு ஆற மாட்டேங்குது.

சார்ட்ட இத சொன்னேன். அவரு வேலைக்கு சேந்தப்போ ஆரணி, திருப்பத்தூர், ஆற்காடு எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம், எங்க வேணாலும் டிரான்ஸ்பர் போடுவாங்களாம். 1989ல திருவண்ணாமல தனியா போச்சு, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது, இன்னும் அவரு ஜில்லான்னு தான் சொல்லுவாரு. பல வருஷம் குடும்பத்த இங்க விட்டுட்டு ஆரணில ரூம் எடுத்து தங்கி இருந்திருக்காரு. அதனால நாங்க எல்லாம் போவலயான்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நான் போன எடத்துல நாப்பது பசங்க பெஞ்சுல உக்காந்துகினு இருந்தாங்கம்மா, நான் போவலன்னா அவங்களுக்கு கணக்கு கெடையாது. நீ போற எடத்துல உனக்கோசரம் யாரு கீறாங்க?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் சொல்ல வரல.

வேலைய விட்டுடலாமேன்னு சொல்றவங்களுக்கு, வீட்டு லோன் இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு. வேற வேல தேடிகிட்டு தான் இருக்கேன், கெடைக்கற வரைக்கும் போய் தான் ஆகணும்.

இந்த இடத்துல இருக்குற கொறையயும் சொல்லிடறேன், அப்பதான் நம்பி வர்றவங்களுக்கு நியாயம். பாத்ரூம் ஒண்ணு தான், அதுவும் ஆம்பள பொம்பள எல்லாருக்கும் சேத்து, சுத்தமா தான் இருக்கும் ஆனா ஒண்ணு தான். படிக்கட்டு ரொம்ப குறுகல், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். கால் சரியில்லாத ஒரு அண்ணன் வேலைக்கு இடம் கேட்டு வந்தப்போ மேல ஏற முடியல, சார் கீழ அவங்க முன் ரூம்லயே டி.வி.ய நகத்திட்டு ஒரு மேச போட்டு குடுத்தாரு, அவரு ரெண்டு வருஷமா அங்க தான் உக்காந்து அக்கவுண்ட்ஸ் வேல பாக்குறாரு, ஆனா அந்த மாதிரி இன்னொருத்தர் வந்தா இடம் கெடையாது. ஆடி மாசம் கூழ் ஊத்துற சமயத்துல தெருமுன கோயில்ல ஸ்பீக்கர் கட்டுனாங்கன்னா பீரோ ரூம தவிர வேற எங்கயும் கால் பேச முடியாது. ராத்திரி ஷிஃப்ட்டு தெனமும் பாக்குறவங்களுக்கு இது சரிப்படாது, பத்து மணிக்கு கேட்ட பூட்டிடுவாங்க, மிக்ஜாம் ராத்திரி மாதிரி அவசரம்னா மட்டும் தான் தொறந்து வெப்பாங்க. பைக் நிறுத்த நாலு வண்டிக்கு தான் இடம், கார்ல வர்றவங்க ரோட்டுல தான் விடணும்.

நாற்காலி சுமார் தான். மொதல்ல பிளாஸ்டிக் சேர் இருந்துச்சு, எனக்கு இடுப்பு வலி வந்ததும் நாங்க அஞ்சு பேரு சேந்து ஆளுக்கு ஆயிரம் போட்டு ஒரு கம்பெனி மூடுன எடத்துல இருந்து பழைய ஆபீஸ் சேர் வாங்கியாந்தோம், அதுல மூணு இன்னும் நல்லா இருக்கு, ரெண்டு எறங்கி எறங்கி போவுது.

வேலூருக்கு மினி டைடல் பார்க் வருதுன்னு 2023ல அடிக்கல் நாட்டுனப்போ நாங்க மாடில மக்கன் பேடா வாங்கி சாப்பிட்டோம், நம்ம ஊர்லயே வேல வரும்னு அவ்வளவு சந்தோஷம். அது நல்லது தான், எவ்வளவு கம்பெனி வருதோ அவ்வளவு நல்லது. ஆனா ஊருக்குள்ள எடம் இருந்து மட்டும் என்ன ஆவப் போவுது, வேலூர்ல உக்காந்து பாக்குற வேலயும் வேல தான்னு கம்பெனி ஒத்துக்கணும். இந்த மாடில மொத்தம் ஒம்போது பேரு இருந்தோம், இந்த ஒரு வருஷத்துல ஆபீஸ் உத்தரவால போனவங்க என்னோட சேத்து நாலு பேரு. பேரணாம்பட்டுல இருந்து வந்துகிட்டு இருந்த ஒரு பொண்ணு, வெளியூர்ல தங்க வீட்டுல விட மாட்டாங்க, இந்த மாடி இருந்ததால தான் மொத மொதல்ல சம்பளம்னு ஒண்ண பாத்தா. அவளுக்கும் பெங்களூருக்கு வான்னு சொல்லிட்டாங்க, அவ போவல, வேலைய விட்டுட்டா. மூணு மாசம் ஆச்சு. கெட்டிக்காரி, என்ன விட நல்லா கோடு எழுதுவா. அந்த கம்பெனி கணக்குல அவ தானா ராஜினாமா பண்ணவ.

மார்க்கு போடணும்னா இந்த இடத்துக்கு அஞ்சுக்கு நாலர போடுவேன், பாத்ரூமுக்கும் மதிய வெயிலுக்கும் அர மார்க் கொறச்சுகிட்டேன்.

ஒண்ணாந் தேதில இருந்து என் சீட்டு காலி. சன்னல் பக்கம் ரெண்டாவது, புங்க மரம் தெரியும், மதியம் மூணு மணிக்கு வெயில் நேரா ஸ்க்ரீன்ல அடிக்கும், அதுக்கு நான் ஒரு பச்ச திரை தச்சு மாட்டி இருக்கேன், அத அங்கயே விட்டுட்டு போறேன். ப்ளக் பாயிண்ட்ல மேல் சுவிட்ச் லூசு, கீழ இருக்குறத யூஸ் பண்ணுங்க. மானிட்டர் வேணும்னா சார்ட்ட கேளுங்க, என்னோடத அவருகிட்ட குடுத்துட்டு தான் போறேன். நேர்ல போய் கேட்டா தான் சேத்துப்பாரு, ஃபோன்ல சொன்னா ஒத்துக்க மாட்டாரு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, அப்ப தான் செடிக்கு தண்ணி ஊத்திகிட்டு வெளிய இருப்பாரு.